முழுசாகக் கொடுங்கள்: மின்கழிவு பற்றி வாசகர் கேட்டவை

சென்ற இதழில், "வீட்டில் கிடக்கும் பழைய மின்சாதனங்களை என்ன செய்வதென்று தெரியவில்லையா? எழுதிக் கேளுங்கள்" என்று அறிவித்திருந்தோம். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். பதில் எழுதியவர் 20 ஆண்டுகள் டிவியும் செல்போனும் பழுதுபார்த்தவர். 12 ஆண்டுகளாக ஒரு மறுசுழற்சிக் கூடத்தில் பிரித்தெடுக்கும் பிரிவைக் கவனித்துவருகிறார்.

என் லேப்டாப்பை மேஜையில் வைத்தால் ஆடுகிறது. அடிப்பக்கம் புடைத்திருக்கிறது, விரலால் தேய்க்கும் டச்பேடும் மேலே எழும்பிவிட்டது. ஆனால் நன்றாகத்தான் ஓடுகிறது. இன்னும் எத்தனை நாள் பயன்படுத்தலாம்?
– கல்லூரி மாணவி

ஒரு நாள்கூட வேண்டாம் அம்மா. முதலில் சார்ஜரைக் கழற்றுங்கள், லேப்டாப்பை அணையுங்கள். அப்புறம் மீதியைப் படியுங்கள்.

உப்பியிருப்பது பேட்டரி. அதன் வெள்ளி நிறப் பைக்குள் மெல்லிய செம்புத் தகடு, அலுமினியத் தகடு, இரண்டுக்கும் நடுவே முடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் ஏடு எல்லாம் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றை நனைத்தபடி, எளிதில் தீப்பிடிக்கும் ஒரு திரவம். பேட்டரிக்கு வயதானாலோ, சூட்டிலேயே கிடந்தாலோ அந்தத் திரவம் சிதைந்து வாயுவாகும். வாயு வெளியேற வழி கிடையாது, பை தலையணை மாதிரி உப்பிவிடும். அந்த மெல்லிய ஏடு எங்கேயாவது கிழிந்தால் தகடும் தகடும் தொட்டுக்கொள்ளும். தொட்ட இடம் கொதிக்கும், பக்கத்து அடுக்கும் பற்றிக்கொள்ளும்.

எங்கள் கூடத்தில் ஒரு முறை இதைக் கண்ணால் பார்த்தேன். வேலைக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், பசை போட்டு ஒட்டிய பேட்டரியைத் தட்டை ஸ்குரூ டிரைவரால் நெம்பினார். முனை பைக்குள் அரை விரல்கடைகூடப் போகவில்லை. 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், இனிப்பும் காரமும் கலந்த ஒரு வாடை, வெள்ளைப் புகை. அவர் கையை எடுப்பதற்குள் ஒரு முழ நீளத்துக்குத் தீ சீறியது. பக்கத்தில் மணல் வாளி இருந்ததால் பிழைத்தோம். அன்றிலிருந்து எங்கள் மேஜையில் பேட்டரி நெம்ப இரும்பு எதுவும் கிடையாது, பிளாஸ்டிக் கரண்டிதான்.

ஆகவே நீங்களே கழற்ற முயலாதீர்கள். அமுக்கிப் பார்க்காதீர்கள். கட்டில், திரைச்சீலை, காகிதம் எதுவும் பக்கத்தில் இல்லாத வெறும் தரையில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். பழுதுபார்ப்பவருக்கோ சேகரிப்பு மையத்துக்கோ போன் செய்து, "பேட்டரி உப்பியிருக்கிறது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு எடுத்துப் போங்கள். சொல்லாமல் கொடுத்தால் அதை மற்ற சாமானோடு அடுக்கிவிடுவார்கள். குப்பைத் தொட்டி மட்டும் கூடவே கூடாது. குப்பை வண்டி எல்லாவற்றையும் அழுத்தித்தான் ஏற்றும். வண்டியிலும் தரம் பிரிக்கும் இடத்திலும் தீப்பிடிப்பதற்கு இப்படி நசுங்கும் பேட்டரிகள் ஒரு பெரிய காரணம். அங்கே நிற்பவரின் கையையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

பேட்டரி மாற்றிய பிறகு அந்த லேப்டாப்பை இன்னும் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம். தூக்கிப் போட அவசரப்படாதீர்கள்.

மேஜை இழுப்பறையில் ஆறு பழைய செல்போன்கள் சேர்ந்துவிட்டன. அவற்றில் தங்கம் இருக்கிறது என்கிறார்களே, உண்மையா? எடுத்துவைத்திருந்தால் பயன் உண்டா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர்

உண்மைதான் ஐயா, தங்கம் இருக்கிறது. ஆனால் ஒரு போனில் சில பத்து மில்லிகிராம்தான். சர்க்யூட் போர்டின் இணைப்பு முனைகளில் மஞ்சளாக மின்னுகிறதே, அந்த மெல்லிய பூச்சும், சிப்புக்குள் போகும் இழைகளும்தான் அது. ஆறு போனை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் எடுக்க முடியாது.

ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் சேரும்போது கதை வேறு. பூமியிலிருந்து வெட்டும் தாதுவில் டன்னுக்கு 5 கிராம் தங்கம் இருந்தாலே அது நல்ல சுரங்கம். பேட்டரி நீக்கிய செல்போன்கள் ஒரு டன் இருந்தால், அதில் 100 கிராமுக்கு மேலேயே இருக்கும். டோக்கியோ ஒலிம்பிக்குக்காக ஜப்பான் மக்கள் 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை தங்கள் பழைய கருவிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சுமார் 79,000 டன் சிறு மின்கருவிகள், கூடவே 62 லட்சம் செல்போன்கள். பதக்கங்களுக்கு வேண்டிய 32 கிலோ தங்கம், 3,500 கிலோ வெள்ளி, 2,200 கிலோ வெண்கலம் முழுவதும் அதிலிருந்தே வந்தது. அந்தப் போன்களும் ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் இழுப்பறையில் கிடந்தவைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இழுப்பறையில் கிடக்கும் போனுக்கும் வயதாகிறது. இன்று கொடுத்தால் அதன் திரையோ கேமராவோ இன்னொரு போனுக்கு உதவும். ஐந்து ஆண்டு கழித்துக் கொடுத்தால் உருக்கத்தான் முடியும், பேட்டரி வேறு உப்பியிருக்கும். ஆகவே எடுத்துவைக்காதீர்கள் ஐயா, இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

நான் பழைய சாமான் வாங்கி விற்கிறேன். ஒயரை எரித்துத்தான் செம்பு எடுக்கிறேன். வீடுகள் இல்லாத இடத்தில்தான் எரிக்கிறேன். அதிலும் தப்பு என்கிறார்கள். பிழைப்புக்கு என்ன செய்வது அண்ணா?
– பழைய சாமான் வியாபாரி

தம்பி, உங்கள் கேள்விக்குத்தான் அதிக இடம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். நானும் எரித்தவன்தான். பதினேழு வயதில் நான் வேலைக்குச் சேர்ந்த கடையின் பின்பக்கம் ஒரு தகர டிரம் இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் அந்த வாரத்து ஒயரையெல்லாம் அதில் போட்டு எரிப்போம். கறுப்புப் புகை எழும்பும், தொண்டையில் உலோகச் சுவை ஒட்டிக்கொள்ளும். ராத்திரி குளித்தாலும் அந்த வாடை தலைமுடியிலிருந்து போகாது. எங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

ஒயரின் மேலுறை பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்டிக். அதில் குளோரின் இருக்கிறது. திறந்த வெளியில், போதாத சூட்டில் எரியும்போது அந்தக் குளோரின் டையாக்சின் என்ற நஞ்சாக மாறுகிறது. செம்பு அந்த மாற்றத்தை இன்னும் வேகப்படுத்தும். அதாவது, வெறும் பிளாஸ்டிக்கை எரிப்பதைவிடச் செம்போடு சேர்த்து எரிப்பது மோசம். பழைய ஒயர்களின் உறையில் ஈயமும் கலந்திருக்கும்.

வீடில்லாத இடத்தில்தானே எரிக்கிறேன் என்கிறீர்கள். டையாக்சின் காற்றோடு போய்விடுவதில்லை தம்பி. சாம்பலாக மண்ணில் இறங்கும், மண்ணைக் கிளறும் கோழிக்குள் போகும், கொழுப்பில் தங்கும். கானா நாட்டின் அக்ரா நகரில் அக்போக்ப்லோஷி என்ற இடத்தில் பல ஆண்டுகளாக இப்படித்தான் ஒயர் எரித்தார்கள். அங்கே மேய்ந்த கோழிகளின் முட்டையைச் சோதித்த முடிவு 2019-இல் வெளியானது. ஒரே ஒரு முட்டை தின்றாலே, ஒரு நாளைக்குத் தாங்கலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு வகுத்த டையாக்சின் அளவைப்போல் 220 மடங்கு உடம்பில் ஏறிவிடும் என்று தெரியவந்தது.

சர்க்யூட் போர்டைச் சூடாக்கி, அதில் பற்றவைத்த ஈயத்தை உருக்குவதும் இதே கதைதான். சீனாவின் குய்யூவில் அது குடிசைத் தொழிலாகவே நடந்தது. அங்கே ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்த முடிவு 2007-இல் வெளியானது. ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்தில் சராசரியாக 15.3 மைக்ரோகிராம் ஈயம். அந்தத் தொழில் இல்லாத பக்கத்து ஊர்க் குழந்தைகளுக்கு 9.9. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தடுக்கும், போனது திரும்பி வராது. அந்தக் குழந்தைகள் யாரும் போர்டு உருக்கவில்லை. அப்பாவின் சட்டையிலும் செருப்பிலும் வரும் தூசியும் ஈயத்தை வீட்டுக்குள் கொண்டுவரும். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளையைத் தூக்குவீர்களே, அதை மனதில் வைத்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். முதலில் உடுப்பை மாற்றிக் கை கால் கழுவுங்கள், பிறகு தூக்குங்கள்.

சரி, பிழைப்பு. எரித்த செம்பு கறுத்துப் பொடிந்துபோகும், அதற்கு எப்போதும் இரண்டாம் தர விலைதான். உரித்த செம்பு பளபளவென்று இருக்கும், விலையும் கூடுதல். கையால் சுற்றும் ஒயர் உரிக்கும் மெஷின் இருக்கிறது, பிளேடை நகர்த்தி வைத்தால் பல தடிமனுக்கும் பொருந்தும். தடித்த ஒயரை அதில் உரியுங்கள். மெல்லிய ஒயரை உரிக்க நேரம் கட்டுப்படியாகாது. அதை உரிக்காமலே சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சிக் கூடத்துக்குக் கொடுங்கள். அங்கே எரிக்காமல் பொடியாக நறுக்கி, எடை வித்தியாசத்தை வைத்தே செம்பு வேறு, பிளாஸ்டிக் வேறு என்று பிரித்துவிடுகிறார்கள். போர்டும் அப்படியே. உடைக்காத, சூடு காட்டாத போர்டுக்குத்தான் நல்ல விலை. அமிலத்தில் போட்டுத் தங்கம் எடுக்கலாம் என்று யாராவது வீடியோ காட்டினால் நம்ப வேண்டாம். கொஞ்சம் தங்கம் கிடைக்கும், மீதி சாக்கடைக்குப் போகும், நுரையீரலும் போகும். பெல்ஜியத்தின் ஹோபோக்கன் ஆலை போன்ற இடங்களில் புகையையும் பிடித்துச் சுத்தப்படுத்தி, ஒரே ஆலையில் பதினைந்துக்கும் மேற்பட்ட உலோகங்களைப் பிரிக்கிறார்கள். அதை வாளியில் செய்ய முடியாது.

உங்களைப் போன்றவர்கள் வீடு வீடாகப் போய் எடுக்காவிட்டால் எங்கள் கூடத்துக்கு எதுவுமே வராது. நீங்கள் இந்தத் தொழிலில் இருக்க வேண்டும், உடம்பு நன்றாக இருக்க வேண்டும். இரண்டும்தான் எனக்கு வேண்டும்.

டியூப்லைட் கைதவறி உடைந்துவிட்டது. துடைப்பத்தால் பெருக்கிவிட்டேன். பயப்பட வேண்டுமா?
– ஒரு வாசகி

ஒரு முறைக்குப் பயப்பட வேண்டாம். ஒரு விளக்கில் சில மில்லிகிராம் பாதரசம்தான் இருக்கும். அடுத்த முறை ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லாரும் கால்மணி நேரம் அறையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். துடைப்பமும் வாக்குவம் கிளீனரும் பாதரசத்தைப் பரப்பிவிடும். கெட்டி அட்டையால் சில்லை அள்ளி, பொடியை ஒட்டும் டேப்பால் ஒற்றியெடுத்து, மூடியுள்ள பாட்டிலில் போட்டுச் சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கைப்படி டியூப்லைட் உற்பத்தியே 2027-க்குள் நிற்கப்போகிறது.

பரணில் பழைய டப்பா டிவி இருக்கிறது. வாங்க வந்தவர், "கண்ணாடி எங்களுக்கு வேண்டாம், இங்கேயே உடைத்துவிட்டு மற்றதை எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். சரி என்று சொல்லலாமா?
– ஒரு குடும்பத் தலைவி

சொல்லாதீர்கள் அம்மா. அவர் குறிவைப்பது பிக்சர் டியூபின் கழுத்தில் மாட்டியிருக்கும் செம்புச் சுருளை. அதை யோக் என்போம். நிதானமாக திருகைத் தளர்த்தினால் அது உருவிக்கொண்டு வரும், ஆனால் நேரம் பிடிக்கும். அதனால் கழுத்தை ஒரே தட்டாகத் தட்டிவிடுகிறார்கள்.

டியூபுக்குள் காற்றே கிடையாது, வெற்றிடம். உடம்புப் பகுதியைத் தவறாகத் தட்டினால் கண்ணாடி உள்வாங்கி வெடித்துச் சிதறும். கலர் டிவியின் பின்பக்கக் கூம்புக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கும், பெரிய டியூப் என்றால் ஒரு கிலோவுக்கும் மேல். திரையின் உட்பக்கத்தில் சாக்பீஸ் தூள் மாதிரி ஒரு பூச்சு உண்டு. பழைய டியூப்களில் அதில் காட்மியம் என்ற நச்சு உலோகமும் இருக்கும். உடைக்காமல் இருக்கும்வரை இவை எதுவும் வெளியே வராது. உங்கள் பரணில் அது இத்தனை ஆண்டு கிடந்ததில் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. வாசலில் உடைத்தால்தான் கெடுதல் தொடங்கும். "முழுசாக எடுத்துப் போவதாக இருந்தால் எடுங்கள்" என்று சொல்லுங்கள். பணம் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தாலும் பரவாயில்லை. அவர் மறுத்தால், நீங்களே மின்கழிவு சேகரிப்பவரை அழையுங்கள்.

பழைய ஃபிரிட்ஜுக்கும் இதே பதில்தான். குழாயை வெட்டி வாயுவைத் திறந்துவிட யாரையும் விடாதீர்கள். ஆர்-134ஏ என்ற வாயு ஒரு கிலோ வெளியேறினால், அது ஆயிரம் கிலோவுக்கு மேல் கரியமில வாயு விட்டதற்குச் சமம்.

பழைய போனைக் கொடுக்க மனம் வரவில்லை. உள்ளே குடும்பப் படங்கள், வங்கி விவரங்கள் எல்லாம் இருந்தன. சுத்தியலால் அடித்து உடைத்துவிட்டுக் கொடுத்தால் போதுமா?
– அலுவலக ஊழியர்

சுத்தியல் பேட்டரி மேல் பட்டால் என்ன ஆகும் என்று முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் உங்கள் பயம் நியாயமானது. முதலில் வேண்டியதைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றுங்கள், பலர் மறப்பது இந்தக் கார்டைத்தான். போனில் உள்ள உங்கள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். இல்லாவிட்டால் போன் பூட்டிக்கொள்ளும், நல்ல நிலையில் இருந்தாலும் வேறு யாரும் பயன்படுத்த முடியாது. அதன் பிறகு ஃபேக்டரி ரீசெட், அதாவது போனைப் புதிதாக வாங்கிய நிலைக்குத் திருப்புவது. கடந்த சில ஆண்டுகளில் வந்த போன்களில் எல்லாமே, சாவி இல்லாமல் படிக்க முடியாத குறியீடாக மாற்றித்தான் சேமிக்கப்படுகின்றன. ரீசெட் செய்யும்போது அதன் சாவி அழிந்துவிடுவதால், மிச்சமிருப்பது யாருக்கும் புரியாது.

பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் அப்படியல்ல. சாதாரணமாக ஃபார்மட் செய்தால் புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்த மாதிரிதான், பக்கங்கள் உள்ளேயே இருக்கும். முழுவதும் மேலே எழுதி அழிக்கும் மென்பொருள் உண்டு, அதை ஓடவிடுங்கள். ஓடாத டிஸ்க் என்றால், கண்ணெதிரே துளையிட்டோ அரைத்தோ தரும் கூடத்தில் கொடுத்து, அழித்ததற்குச் சான்று கேளுங்கள்.

மறுசுழற்சி என்று வாங்கிப் போய் ஏழை நாடுகளில் கொட்டிவிடுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அப்படியானால் நான் கொடுத்து என்ன பயன்?
– ஒரு வாசகர்

நீங்கள் கேள்விப்பட்டது பொய்யல்ல. 2022-இல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதற்குக் கணக்கு இருப்பது 22.3 சதவீதத்துக்கு மட்டும். ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட கணக்கு இது. மீதியில் ஒரு பகுதி, 'பயன்படுத்திய பொருள்' என்ற பெயரில் கப்பலேறுகிறது. நஞ்சுள்ள கழிவுகள் இப்படி நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தத்தான் 1989-இல் பாசல் உடன்படிக்கை வந்தது. அதில் ஓட்டைகள் இருந்தன. 2025 ஜனவரி 1 முதல், நஞ்சுள்ளது, இல்லாதது என்ற பேதமின்றி எல்லா மின்கழிவுக்கும் வாங்கும் நாட்டின் முன் அனுமதி வேண்டும் என்று திருத்தியிருக்கிறார்கள்.

நான் நேர்மையாகச் சொல்கிறேன், கொடுப்பது மட்டும் போதாது, விசாரிக்க வேண்டும். உரிமம் இருக்கிறதா? பிரித்த பிறகு போர்டு எங்கே போகிறது? பேட்டரி எங்கே போகிறது? ஒழுங்காக நடத்துபவர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார், ரசீதோடு பதில் சொல்வார். எங்கள் கூடத்தில் யாராவது இப்படிக் கேட்டால், உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவேன். மழுப்புகிறவரிடம் கொடுக்காதீர்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், பொருளை நீடித்து வைத்திருப்பது. ஒரு செல்போன் தன் ஆயுளில் உண்டாக்கும் கரியமில வாயுவில் பெரும்பங்கு, அது உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே, அதைத் தயாரிக்கும்போதே வெளியேறிவிடுகிறது. ஆகவே இரண்டு ஆண்டு ஓடும் போனை நான்கு ஆண்டு ஓட்டுவது, எந்த மறுசுழற்சியைவிடவும் மேல். வாங்கும்போதே, பேட்டரி மாற்ற முடியுமா, திருகு போட்டிருக்கிறார்களா, பசை போட்டு ஒட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

எட்டு வயது மகனுக்கு எதையும் கழற்றிப் பார்க்கும் ஆசை. பழைய சாமான்களைக் கொடுத்தால் ஆபத்தா? தடுக்கவும் மனமில்லை.
– ஒரு தாய்

தடுக்காதீர்கள் அம்மா. நானும் அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். பேட்டரியில்லாத, நேராகக் கரண்டில் சொருகாத பொருளாகக் கொடுங்கள். ஒயர் உள்ள மவுஸ், கீபோர்டு, செல் கழற்றிய சுவர்க் கடிகாரம், ரிமோட். மவுஸின் ஒயரை நீங்களே முதலில் வெட்டிவிடுங்கள், பிளக்கில் சொருகிப் பார்க்கத் தோன்றாது. மைக்ரோவேவ், டப்பா டிவி, கம்ப்யூட்டரின் பவர் சப்ளை, கேமரா ஃபிளாஷ் இந்த நான்கும் அவன் கைக்கே போகக்கூடாது. கரண்டைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் கெப்பாசிட்டர் என்ற பாகத்தில் மின்சாரம் தங்கியிருக்கும். போர்டைத் தொட்ட பிறகு, வாயில் விரல் வைக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். 2006-க்கு முந்தைய போர்டுகளில் பற்றவைத்திருப்பது பெரும்பாலும் ஈயம் கலந்த கலவை.

ஒரு வெள்ளைத் தாளில் மவுஸின் படத்தை வரையச் சொல்லுங்கள். எந்தத் திருகை எங்கிருந்து எடுத்தானோ, படத்தில் அந்த இடத்திலேயே டேப் போட்டு ஒட்டச் சொல்லுங்கள். எல்லாம் பார்த்து முடித்ததும் அதே திருகுகளைப் போட்டுத் திரும்ப மூடட்டும். மூடிய மவுஸை ஒரு டப்பாவில் போட்டுவைத்து, அடுத்த முறை மையத்துக்குப் போகும்போது அவன் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.